கோட்டுக்குள் தைத்த சாதகம்

தம்பி,

கடிதம் என்றால் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும். நீ இங்கிருந்து போய்ப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. உன் சுகம் எனக்குத் தெரியும், என்னுடையது உனக்குத் தெரியும். அதனால் விஷயத்துக்கு வருகிறேன். அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள், பெட்டியும் கையுமாக வாசற் படலையடியில் நின்று நீ என்னிடம் ஒரு காரியம் கேட்டாய். யூனிவேர்சிற்றிப் புகுமுகப் பரீட்சைக்கு உன்னிடம் படிக்கிற பிள்ளைகளின் தாய் தகப்பன்மாரை அடுத்த மாதம் கல்லூரிக்கு அழைத்திருக்கிறாய் என்றும், பிள்ளைகளைத் தயார்ப்படுத்துவதைவிட அவர்களைத் தயார்ப்படுத்துவதுதான் பெரும்பாடாக இருக்கிறது என்றும் சொன்னாய். “ஒரு கடிதமாய் எழுதித் தாங்கோ அம்மா. நான் சொன்னால் வாத்தியார் சொல்லுறார் எண்டு விட்டிடுவினம். நீங்கள் எழுதினால் தாய்மார் கேப்பினம்” என்றாய். நானும் ஓம் என்று தலையாட்டினேன்.

மகளைப் பறிகொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்குக் கைக்கு ஒரு வேலை கொடுப்போம் என்று நீ நினைத்திருப்பாய். அந்த அளவுக்கு எனக்குப் புத்தி மழுங்கவில்லை. ஆனாலும் எழுதத்தான் செய்தேன். உடுவிலில் மிஷன் பள்ளி விடுதியிலிருந்து இங்கிலீசு படித்தவள் அல்லவா, கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. விடியற்காலையில் பிள்ளையை எழுப்புங்கள், வயிறு முட்டச் சோறு கொடுத்துவிட்டுப் படிக்கச் சொல்லாதீர்கள், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள் என்று இரண்டு தாள் நிறைய எழுதினேன். வாசித்துப் பார்த்தேன். எல்லாம் நல்ல புத்திமதிகள். எழுதியவளுக்கு ஒன்றையும் சொல்ல யோக்கியதை இல்லை என்பதுதான் குறை. அடுப்பில் போட்டுவிட்டு மறுபடியும் தொடங்கினேன். இது நான்காவது தடவை. இதை எரிக்க மாட்டேன்.

நீ லண்டன் மெற்றிக்குலேசனுக்குப் படித்த வருஷத்தை நினைத்துப் பார்க்கிறேன். கேள்வித்தாள் லண்டனிலிருந்து கப்பலில் வரும். கொழும்பில் ஒரு மண்டபத்தில் இருந்து எழுத வேண்டும். எழுதிய விடைகள் திரும்பவும் கப்பலேறிப் போகும். பெறுபேறு வர மாதக்கணக்காகும். கரவெட்டியில் நம் ஒழுங்கையில் அதுவரை ஒருவரும் அந்தப் பரீட்சைக்குப் போகவில்லை. அதனால் எனக்குத் தலைகால் தெரியவில்லை. நீ படிக்கிற அறைப்பக்கம் கட்டியிருந்த மாட்டைக் கத்துகிறதென்று தோட்டத்து மூலைக்கு மாற்றினேன். ஞாபகசக்திக்கென்று தினமும் வல்லாரைச் சம்பல் அரைத்தேன். இன்றைக்கும் வல்லாரையைக் கண்டால் நீ முகத்தைத் திருப்புகிறாய், உன் பெண்சாதி அது என்ன நோயோ என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டாள். மலாயாவில் வேலையாயிருந்த உன் ஐயா ஒவ்வொரு கடிதத்திலும் பிள்ளையை நெருக்காதே, அவன் தன்பாட்டில் படிப்பான் என்று எழுதுவார். பக்கத்தில் இல்லாத மனிதருக்கு என்ன தெரியும் என்று நான் அதை மடித்து வைத்துவிடுவேன்.

உன்னைப் படிப்பித்தது கல்லூரி வாத்தியார்கள் என்று ஊருக்குச் சொன்னோம். உண்மையில் அக்காதான் படிப்பித்தாள். உனக்கு மூன்று வயது மூத்தவள். பெரிய பிள்ளையானதோடு நான்தான் அவளைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தினேன். நான் படித்த உடுவிலுக்கே அவளை அனுப்பியிருக்கலாம். குமர்ப்பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு நான் தனியாக எப்படி இருப்பது என்று சொல்லித் தட்டிக் கழித்தேன். அவள் அதற்காக ஒருநாளும் முகம் கோணவில்லை. தேங்காய் துருவிக்கொண்டு உன் புத்தகத்தை முழங்காலில் விரித்து வைத்துப் பாடம் கேட்பாள். நீ சரித்திரத்தில் ஒரு ராசாவைத் தவறவிட்டால் துருவலையில் கையை நிறுத்தாமலே அவன் பெயரைச் சொல்லுவாள். உனக்குப் பாடமாகுமுன் அவளுக்குப் பாடமாகிவிடும். சோதினைக்கு அவளை அனுப்பினால் அவள் பாஸ் என்று நீயே பகிடி பண்ணுவாய். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அப்போதுதான் அந்தச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். வலிகாமத்து நல்ல குடும்பம். அவருக்கு ஒரு தங்கை. மாற்றுக் கலியாணம் செய்வோம் என்றார்கள். உங்கள் பெட்டை எங்கள் பெடியனுக்கு, உங்கள் பெடியன் எங்கள் பெட்டைக்கு. கொடுக்கல் வாங்கல் பேச்சு இரு பக்கமும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். நீ மெற்றிக்குலேசன் பாஸ் பண்ணி யூனிவேர்சிற்றிக் கல்லூரிக்கோ மெடிக்கல் கல்லூரிக்கோ போகிறாய் என்று தெரிந்ததும் அக்காவின் கலியாண எழுத்தை வைத்துக்கொள்வோம், உன்னுடையதைப் படிப்பு முடிந்தபின் பார்ப்போம் என்றார்கள். நியாயமான பேச்சு. அக்கா அந்த மாப்பிள்ளையை ஒருதரம் கோயிலில் கண்டிருந்தாள். பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். மறுகிழமை உன்னுடைய பள்ளித்தோழன் ஒருவனிடமிருந்து ஒரு சிங்கள அரிச்சுவடி வாங்கித் தரச் சொல்லி உன்னைக் கேட்டாள். கொழும்பில் போயிருக்க வேண்டியவள், சந்தையில் நாலு வார்த்தை கதைக்க வேண்டாமா. அடுப்படியில் தண்ணிக்கு என்ன, உப்புக்கு என்ன என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். “அம்மா, சோதினை முடியுமட்டும் தம்பிக்கு இந்தச் சம்பந்தத்தைச் சொல்லாதேங்கோ. அவன் பயந்திடுவன்.” சரி என்று வாக்குக் கொடுத்தேன். அரிச்சுவடி எதற்கென்று நீ கேட்டபோதும் பொழுதுபோக்குக்கு என்று அவள் சமாளித்தாள்.

அந்த வாக்கை நான் காப்பாற்றவில்லை. கொடிகாமம் ஸ்ரேசனில் ரெயிலுக்குக் காத்துக்கொண்டு நின்றபோது எல்லாவற்றையும் உன்னிடம் கொட்டினேன். ஏன் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்கிறேன். பொறுப்புத் தெரிந்தால் இன்னும் கவனமாக எழுதுவாய் என்று நினைத்தேன். “அக்காவின்ரை வாழ்வு உன்ரை கையிலைதான் தம்பி கிடக்கு” என்றேன். நீ தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றாய். உனக்கு அப்போது பதினேழு வயது. ரெயில் வந்தது. நீ ஏறினாய். கை காட்டவில்லை, ரெயில் புறப்பட்ட பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

நீ அறியாமல் இன்னொன்றும் செய்திருந்தேன். சாத்திரியார் அக்காவினதும் மாப்பிள்ளையினதும் சாதகங்களைப் பொருத்தம் பார்த்து ஒரே தாளில் எழுதித் தந்திருந்தார். பன்னிரண்டு கட்டம், கட்டத்துக்குள் கிரகங்களின் முதலெழுத்துகள், கீழே பாகையும் கலையுமாக இலக்கங்கள். அதைப் பிள்ளையாரின் காலடியில் வைத்துப் பூசை செய்வித்து, திருநீறு தடவி நாலாக மடித்தேன். உன்னிடம் தந்தால் நீ வாங்க மாட்டாய். உனக்கு அப்போதே சாத்திரத்தில் நம்பிக்கை இல்லை. ஆகவே பரீட்சைக்கென்று தைப்பித்த கறுத்தக் கோட்டின் உள்துணியைக் கொஞ்சம் பிரித்து, நெஞ்சுப் பக்கமாக அதை உள்ளே வைத்துத் தைத்துவிட்டேன். நீ பேனை பிடிக்கிற நேரத்தில் அந்தப் பொருத்தம் உன் நெஞ்சோடு இருக்க வேண்டுமென்பது என் எண்ணம்.

தம்பி, இந்த இடத்தில் நான் ஒளிக்காமல் சொல்ல வேண்டியது இருக்கிறது. பரீட்சை விதிகள் அச்சடித்த தாள் தபாலில் வந்தபோது அதை வாசித்து உனக்கும் அக்காவுக்கும் தமிழில் விளக்கியவள் நான். எழுதிய தாள், அச்சடித்த தாள் எதுவும் மண்டபத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று அதில் தெளிவாக இருந்தது. எனக்கு இங்கிலீசு தெரியாது என்று சொல்ல முடியாது. சாதகத்தைத் தைத்தபோது அந்த விதி என் நினைவுக்கு வந்தது. அது புத்தகத்துக்கும் பாடத்துக்கும் சொன்னது, சாமி காரியத்துக்கு அல்ல என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு நூலை முடிந்தேன்.

நீ திரும்பி வந்த மத்தியானம் நான் வாசலில் வைத்தே எப்படி எழுதினாய் என்று கேட்டேன். கணக்கு கொஞ்சம் கஷ்டம் என்றாய். உன் முகம் கறுத்திருந்தது. கொழும்பு வெய்யில் என்று நினைத்தேன். கோட்டைத் தோய்க்க எடுத்தபோது உள்துணி பிரிந்திருந்தது, தாளைக் காணவில்லை. உன்னைக் கேட்டால் நான் செய்தது தெரிந்துவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் பெட்டகத்தைத் திறந்து பார்த்தால் சாதகம் நாலாக மடித்தபடியே அங்கே கிடக்கிறது, விரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. அப்படியானால் நீ அதைக் கண்டு எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டாய் என்று நிம்மதியடைந்தேன். அது, பெட்டகத்தில் கிடந்த இரண்டு பேரின் சாதக ஓலைகளையும் பார்த்து அக்கா எழுதி வைத்த பிரதி என்பது எனக்கு இந்த வருஷம் அவள் சொல்லித்தான் தெரியும்.

அதன்பிறகு பெறுபேறு வரும்வரை போன மாதங்கள். நான் பந்தலுக்கு எந்தப் பக்கம் தென்னையைத் தறிக்கலாம் என்று பார்த்துக்கொண்டு திரிந்தேன். கண்டவரிடமெல்லாம் மகன் லண்டன் சோதினை எழுதியிருக்கிறான் என்று பெருமையடித்தேன். அக்கா அடுப்படியில் சிங்களம் படித்துக்கொண்டுதான் இருந்தாள். முன்னைப்போல வாய்க்குள் அல்ல, எனக்குக் கேட்கும்படி சத்தமாகவே சொன்னாள். நான் அதைக் கேட்டுப் பூரித்துப்போனேன்.

பெறுபேற்றில் உன் பெயர் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்து, மரியாதையாகத்தான் கதைத்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். இரண்டு மாதத்தில் அந்த மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் எழுத்து நடந்தது. பேசிக் குழம்பின பெட்டை என்று அக்காவுக்குப் பெயர் விழுந்தது. வந்த ஒன்றிரண்டு சம்பந்தங்களும் படலையோடு திரும்பின. நான் உன்னை ஏசியதை எல்லாம் இங்கே எழுதினால் தாள் போதாது. ஒன்றை மட்டும் எழுதுகிறேன். அடுத்த தடவை நீ திரும்பவும் எழுதி முதலாம் பிரிவில் பாஸ் பண்ணினாய். தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாய். “அக்காவின்ரை வாழ்வைக் குடிச்சுப்போட்டு இப்ப பாஸ் பண்ணி ஆருக்கு” என்றேன். நீ தந்தியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாய். டொக்டருக்குப் படிக்கக்கூடிய பிள்ளை வாத்தியாராகப் போனதற்கும் நானே ஒரு காரணம் கற்பித்தேன். சோம்பேறி, தமக்கையின் பாரத்தைத் தாங்கப் பயந்தவன் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தது நான்தான்.

பிறகு நீ பட்டினத்தில் கலியாணம் முடித்து அங்கேயே இருந்துவிட்டாய். வருஷத்தில் இரண்டு மூன்று தரம் வருவாய். வந்தால் அடுப்படியில் அக்காவோடு இருந்து கதைப்பாய். நான் உள்ளே வந்தால் இரண்டு பேரும் கதையை நிறுத்திவிடுவீர்கள். என்னைப்பற்றித்தான் குறை சொல்லுகிறீர்கள் என்று எனக்கு எரியும். வேண்டுமென்றே சட்டிகளைத் தட்டிச் சத்தம் போடுவேன். அதற்குப் பிறகும் அக்கா என்னோடு ஒரு குறையும் இல்லாமல் பதினெட்டு வருஷம் இருந்தாள், எனக்கு உலை வைத்தாள், என் காலுக்கு எண்ணெய் போட்டாள்.

அவளுக்கு நெருப்புக் காய்ச்சல் கடுமையாகி, நீ டொக்டரைக் கூட்டிவரப் போயிருந்த அன்றைக்கு, நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்து கஞ்சி பருக்கினேன். வழக்கம்போல என் வாய் சும்மா இருக்கவில்லை. ஒரு புருஷன் பிள்ளைகள் என்று இருந்திருந்தால் இப்படிக் கிடப்பாயா, எல்லாம் அவனால் வந்தது என்றேன். அவள் கஞ்சிக் கோப்பையைக் கையால் விலக்கினாள்.

“அம்மா, இனி அவனை ஏசாதேங்கோ. அவன் பெயில் விடேல்லை. அவனை எழுத விடேல்லை.”

எனக்கு விளங்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு மெதுமெதுவாகச் சொன்னாள். முதல்நாள் மண்டபத்தில் நீ எழுதிக்கொண்டிருக்கும்போது நெஞ்சில் ஏதோ தடித்துக் குத்தியதாம். கையை வைத்து அமத்தியபோது தையல் விட்டதாம். மேற்பார்வை செய்த வெள்ளைக்காரத் துரை கண்டுவிட்டான். தாளை வெளியே எடுத்து விரித்தால் கட்டமும் எழுத்தும் இலக்கமும், அதுவும் கோட்டுக்குள் ஒளித்துத் தைத்தபடி. இது தமக்கையின் சாதகம் என்று நீ சொன்னாயாம். எதுவானாலும் தாள் தாள்தானே, விதி விதிதானே. அவனிலும் பிழை சொல்ல முடியாது. தாளைப் பறித்துக்கொண்டு உன்னை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டார்கள். வெள்ளவத்தையில் நீ தங்கியிருந்த என் மைத்துனர் வீட்டில் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல், மிச்ச நாள் எல்லாம் காலையில் பேனையையும் எடுத்துக்கொண்டு பரீட்சைக்குப் போகிறவன்போல் வெளிக்கிட்டு, பின்னேரம்வரை கடற்கரையில் இருந்தாயாம்.

“உங்களுக்குத் தெரிஞ்சால் நீங்கள் தாங்கமாட்டியள் எண்டு தம்பி அழுதவன். சாகுமட்டும் சொல்லுறேல்லை எண்டு இரண்டு பேரும் சத்தியம் பண்ணினனாங்கள்” என்றாள். பிறகு கண்ணைத் திறந்து, “நான் இப்ப சொல்லிப்போட்டன்” என்றாள்.

அப்போதுதான் எனக்கு அந்த மாதங்கள் விளங்கின. நீ ஊருக்கு வந்த அன்றைக்கே அவளுக்குத் தன் கலியாணம் நடக்காது என்று தெரியும். தெரிந்துகொண்டுதான் என் காதில் விழும்படி சிங்களம் படித்திருக்கிறாள். நீ டொக்டரோடு வந்தபோது நான் மூலையில் குந்தியிருந்து அழுதேன். அவளுடைய வருத்தத்துக்காக அழுகிறேன் என்று நினைத்து நீ என் தோளைப் பிடித்தாய். மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள்.

முப்பத்தொரு நாளும் நீ இங்கேதான் இருந்தாய். ஒவ்வொரு நாளும் சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. வெட்கம் தம்பி, வேறொன்றுமில்லை. என் மகனுக்கு முன்னால் தலை குனிய எனக்குப் பழக்கமில்லை. நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அக்காவிடம் கேட்கவில்லை, கேட்கக் கிடைத்த மூன்று நாளையும் அழுது போக்கிவிட்டேன். சாதகத்தைத் தைத்ததைக்கூட ஒரு பேதையின் வேலை என்று விட்டுவிடலாம். அந்தத் தந்தியோடு வந்த பிள்ளைக்கு நான் சொன்ன சொல்லை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

இனி உன்னிடம் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர்களுக்கு. ஐயாமாரே, அம்மாமாரே, பிள்ளை மண்டபத்துக்குள் போகும்போது பேனையை மட்டும் கொண்டு போகட்டும். தமக்கையின் கலியாணத்தையும், தகப்பனின் மானத்தையும், ஒழுங்கையில் இருக்கிறவர்களின் வாயையும் நீங்களே வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களில் முக்கால்வாசிப் பேர் கோட்டுக்குள் எதையோ தைத்துத்தான் அனுப்புகிறோம். பிள்ளை திரும்பி வந்தால் முதலில் சோற்றைப் போடுங்கள். பெயில் என்று வந்தால், ஏன் என்று அது பயப்படாமல் உங்களிடம் சொல்லக்கூடிய தாய் தகப்பனாக இருக்கிறீர்களா என்று உங்களைக் கேளுங்கள். நான் அப்படி இருக்கவில்லை. என் இரண்டு பிள்ளைகளும் என்னிடமிருந்து உண்மையை ஒளித்து என்னையே காப்பாற்ற வேண்டியிருந்தது.

தம்பி, உன்னை எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அவமானம் என்று இதில் பாதியைத் தள்ளிவிட்டு, வல்லாரைச் சம்பலையும் கடைசிப் புத்திமதியையும் மட்டும் வாசித்து முடிக்கப் பார்ப்பாய். அது நடக்காது. கூட்டத்தன்று முதல் பஸ்ஸில் நான் வருகிறேன். பெண்கள் பக்கத்தில் முன்னுக்கு இருப்பேன். உன் ஊரவர்களும் சிலர் அங்கே இருப்பார்கள், அவர்களுக்கு நான் உன்னைப்பற்றிச் சொன்னதெல்லாம் நினைவிருக்கும். நீ ஒரு வரியைத் தாண்டினாலும் எழும்பி நின்று, என் பிள்ளை பெயில் விடவில்லை என்று நானே சொல்லுவேன்.

அம்மா